நம்ம ஆளாக்கும்

ஆனந்தபாய் கோஷம் போட்டால் பாறசாலை ரயில் நிலையம்வரை கேட்கும் என்று கட்சிக்காரர்கள் பெருமையடித்துக்கொள்வார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனாலும் காரோட்டிலிருந்து பூவார்வரை கட்சி ஊர்வலமென்று எந்த ஜாதா புறப்பட்டாலும், ஜீப்பை அடுத்து நடக்கும் பெண்கள் கூட்டத்தில் முதல் குரல் அவளுடையதாகத்தான் இருக்கும். கோஷம் மலையாளத்தில். மூச்சு வாங்கும் இடைவெளியில் பக்கத்தில் நடப்பவளிடம் பேசுவது தமிழில். எங்கள் எல்லையோரத்துப் பஞ்சாயத்தில் எல்லோருடைய நாக்கும் அப்படித்தான்.

ஐம்பதைத் தாண்டியவள். கணவன் ஈசாக் சாரம் கட்டி வெள்ளையடிக்கிற வேலைக்காரன். ஒரே மகள் லிஷா நர்ஸ் படித்து ஆஸ்திரேலியாவுக்குப் போய், அடிலெய்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். இனி எதற்கு அலைகிறாய் என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாலும் ஆனந்தபாய் ஹரித கர்ம சேனை வேலையை விடவில்லை. பச்சைக் கோட்டு மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், கழுவி உலர்த்தி வைத்த பிளாஸ்டிக்கை வாங்கிவந்து, பஞ்சாயத்துக் கொட்டகையில் தரம் பிரிக்கிற வேலை. இரண்டு பெண்களாகத்தான் போவார்கள். அவளுக்கு ஜோடி தன்யா. மகள் வயதுப் பெண். அவள் கணவன் ஆட்டோ ஓட்டுகிறான். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய ஒரு பெண்குழந்தை உண்டு. தன்யா அவளை மாமி என்று கூப்பிடுவாள். நாய் இருக்கிற வீடென்றால் மாமி முன்னால் போவாள். சண்டைக்கு வருகிற வீடென்றால் தன்யா. அவளுடைய சிரிப்பில் எவருக்கும் கோபம் நிற்காது.

ஆனந்தபாய் கட்சிக்கு வந்தது ரெத்தினதாஸ் வழியாக. ஈசாக் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு நொறுங்கிக் கிடந்த அன்று, ஜீப் பிடித்து அவனைத் திருவனந்தபுரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் ரெத்தினதாஸ்தான். அவனே ரத்தமும் கொடுத்தான். "அக்கா, பயப்படாண்டாம், நான் உண்டு" என்று சொல்லி ஆஸ்பத்திரி வராந்தாவில் செய்தித்தாள் விரித்துப் படுத்துக் கிடந்தான். அப்போது அவனுக்குப் பதவி எதுவும் கிடையாது. ஈசாக் எழுந்து நடந்த பிறகு அவள் போன முதல் கட்சிக் கூட்டம், நன்றி சொல்லப் போன கூட்டம்.

அந்த நாளில் எங்கள் வார்டு மெம்பர் தாணு, எதிர்க்கட்சிக்காரர். அங்கன்வாடியில் உதவிக்கு இருந்த பெண்ணிடம் அவர் கை நீண்டது. அந்தப் பெண் அழுதுகொண்டு கட்சி அலுவலகத்துக்கு வந்தாள். அன்று சாயங்காலமே ஜாதா புறப்பட்டது. தாணுவின் வீட்டு வாசலில் நின்று ஆனந்தபாய் கத்தினாள். "ராஜி வெக்கணும்! ராஜி வெக்கணும்!" பதவியை விட்டு இறங்கு என்று பொருள். "தெளிவு எங்க?" என்று தாணுவின் ஆட்கள் கேட்டார்கள். எங்கள் பக்கம் தெளிவு என்றால் சாட்சியம். "பெண்ணுக்க சொல்லே தெளிவு!" என்று அவள் திருப்பிக் கத்தினாள். வீட்டுக்குள்ளே தாணுவின் மனைவி விலாசினி ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டு வந்ததைக் கூட்டம் முழுவதும் பார்த்தது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவர்களுடைய மகள் அதன்பின் வெகுநாள் வெளியே வரவில்லை.

தாணு பதவி விலகினார். இடைத்தேர்தலில் ரெத்தினதாஸ் ஜெயித்தான். வெற்றி ஊர்வலத்தில் அவன் தன் கழுத்து மாலையைக் கழற்றி ஆனந்தபாய்க்குப் போட்டான். ஒரு பெண்ணுக்கு நீதி வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்ற நிறைவு அவளுக்கு உண்மையாகவே இருந்தது. அதன்பின் வந்த பொதுத் தேர்தலிலும் ரெத்தினதாசே மெம்பர்.

போன வருஷம் ஓணம் கழிந்த வாரம். கையுறை தீர்ந்துபோயிருந்தது. மெம்பர் கையெழுத்திட்டால்தான் புதியது கிடைக்கும். தன்யா பஞ்சாயத்து மாடியில் இருந்த மெம்பர் அறைக்குப் போனாள். ஆனந்தபாய் கீழே சாக்குகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். தன்யா இறங்கி வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. நேரே குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். முழங்கைவரை கழுவினாள். மறுபடியும் கழுவினாள்.

"என்ன பிள்ளே? கையுறை தரலியா?"

தன்யா கொட்டகைக்குள் வந்து, பால் கவர் குவியலின் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் வாய் திறந்தாள். ரெத்தினதாஸ் கதவைச் சாத்தினான். பிடித்து இழுத்தான். அவள் மேசையைத் தள்ளிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். கோட்டின் பொத்தான்கள் அறுந்திருந்தன.

"மெம்பரா?" என்று கேட்டாள் ஆனந்தபாய். "நம்ம மெம்பரா?"

"வேற யாரு மாமி."

ஈசாக்கின் கட்டிலும், வராந்தாவில் விரித்த செய்தித்தாளும் ஒருகணம் அவள் கண்முன் வந்துபோயின. தன்யாவை அணைத்துக்கொண்டாள். பிறகு, "நீ யார்கிட்டயும் சொல்லாண்டாம் மக்கா. கொஞ்சம் பொறுத்திரு. கட்சி உண்டு. கட்சி கேக்கும்" என்றாள். அதை நம்பித்தான் சொன்னாள்.

கட்சியின் உள்ளூர்ச் செயலாளர் விஜயதாஸ் சிமென்ட் கடை வைத்திருக்கிறார். அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். கடைசியில், "அவளுக்க மாப்பிள எந்தக் கட்சி?" என்றார்.

"அவன் ஆட்டோ ஓட்டுகான் அண்ணே. ஒரு கட்சியும் இல்ல."

"விசாரிக்கணும். டிசம்பர்ல தேர்தல். இப்பம் இது வெளியில வந்தா யாருக்கு லாபம்? நாம ஒரு கமிஷன் வைப்போம். ரெண்டு பேரு விசாரிக்கட்டும். உள்ளுக்குள்ள."

"தாணுக்க காரியத்துல நாம கமிஷன் வச்சோமா அண்ணே?"

விஜயதாஸ் அவளை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அது தாணு. இது நம்ம ஆளாக்கும்."

அவள் திரும்பி வந்து, கமிஷன் வருகிறது என்று தன்யாவிடம் சொன்னாள். தன்யாவுக்கு அந்தச் சொல் புரியவில்லை. "போலீஸ் மாதிரியா மாமி?" என்று கேட்டாள். "அதைவிட நல்லதாக்கும்" என்றாள் ஆனந்தபாய்.

சிமென்ட் கடை மாடியில் கமிஷன் கூடியது. விசாரிக்க வந்தவர்களில் ஒருவர் ரெத்தினதாசுக்குச் சம்பந்தி முறை. ஆனந்தபாயை வெளியே உட்காரச் சொன்னார்கள். உள்ளே, அன்று என்ன உடுத்தியிருந்தாய், முன்பும் தனியாகப் போனதுண்டா, எதிர்க்கட்சிக்காரர் யாராவது உன்னிடம் பேசினார்களா என்றெல்லாம் கேட்டார்கள். தன்யா வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. மாமியைப் பார்க்காமல் படியிறங்கினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபை ஆராதனை முடிந்து வந்ததும் லிஷாவின் அழைப்பு வந்தது. ஆனந்தபாய் எல்லாவற்றையும் மகளிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, "உனக்க நாட்டுல இப்பிடி எல்லாம் இருக்காது, இல்லியா?" என்றாள்.

லிஷா சிரிக்கவில்லை. "அம்மா, நான் இஞ்ச வோட்டு போடத் தொடங்கினப்பம் அப்பிடித்தான் நெனச்சேன். இஞ்சயும் பார்லிமென்டுல ஒரு கட்சிக்காரன் மேல ஒரு பெண்ணு பராதி குடுத்தா, மறுகட்சி இன்னைக்கே இறங்கு எண்ணு கத்தும். பிறகு அவங்களுக்க சொந்த ஆள் மாட்டினா, அதே வாய் விசாரணை முடியட்டும், அவருக்கும் குடும்பம் உண்டு எண்ணு பேசும். எனக்க கூட வேலை செய்யியவ ஒருத்தி, ஒரு கட்சிக்காக வீடு வீடாப் போனவ. அவளுக்க கட்சி ஆள் மாட்டினப்பம், டிவிய அணைச்சிட்டுப் போயிட்டா. அதுவரைக்கும் வேலை எடத்துல அவளாக்கும் இதைப் பத்தி அதிகம் பேசினது."

"எல்லா எடமும் ஒண்ணுதானா?"

"எனக்குத் தெரியாதம்மா. பதவி போனவங்களும் உண்டு, போகாதவங்களும் உண்டு. எந்தப் பக்கம் யாரு ஜெயிச்சா எண்ணுதான் எல்லாரும் பேசுவாங்க. அந்தப் பெண்ணு என்ன ஆனா எண்ணு நான் தேடிப் பாப்பேன். பலநேரம் கிடைக்காது." பிறகு, "தன்யாக்க கூட யாரு உண்டு?" என்று கேட்டாள்.

ஆனந்தபாய்க்கு 'நான்' என்று சொல்ல வரவில்லை.

கமிஷன் தீர்ப்புச் சொன்னது. தெளிவில்லை. பஞ்சாயத்து மாடி வராந்தாவில் ஒரு கேமரா இருந்தது. ரெத்தினதாஸ் கதவைச் சாத்தியதையும் தன்யா ஓடியதையும் அது பார்த்திருக்கும். ஆனால் பழைய பதிவின்மேல் புதிய பதிவு ஏறிவிடும் வகை. இத்தனை வாரத்தில் எல்லாம் அழிந்திருந்தது. கமிஷன் அதைக் கேட்கவே இல்லை. தேர்தல் வேட்பாளர் பட்டியல் வந்தபோது ரெத்தினதாஸ் பெயரே இருந்தது. சுவரெல்லாம் அவன் கைகூப்பிச் சிரித்தான்.

வேட்புமனு தாக்கல் செய்யும் அன்று ஊர்வலம். "ஆனந்தம், நீ இல்லாம என்ன ஜாதா? வா" என்று விஜயதாஸ் கூப்பிட்டார். அவள் போனாள். ஏன் போனாள் என்று பின்னால் ஈசாக் கேட்டபோது, "கால் தானா போச்சு" என்று மட்டும் சொன்னாள். முன் வரிசையில் நின்றாள். முதல் கோஷம் போட்டாள், கூட்டம் ஏற்றுச் சொன்னது. இரண்டாவது கோஷம் போடும்போது சாலையோரத்தில் தன்யாவைப் பார்த்தாள். பச்சைக் கோட்டோடு, பிளாஸ்டிக் ஏற்றிய தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஊர்வலம் கடக்கட்டும் என்று காத்திருக்கிறாள், அவ்வளவுதான். அவள் கண்கள் ஆனந்தபாயின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கோஷம் பாதியில் நின்றது. பின்னாலிருந்த பெண்கள் மீதியைச் சொல்லிக்கொண்டார்கள். ஆனந்தபாய் வரிசையை விட்டு இறங்கி வந்தாள். அதற்குள் தன்யா வண்டியைத் தள்ளிக்கொண்டு இடைவழியில் திரும்பிவிட்டாள்.

சாயங்காலம் தன்யாவின் வீட்டுக்குப் போனாள். "வா மக்கா, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவோம். நான் கூட வாறேன்."

தன்யா குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னி முடித்து, குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டுச் சொன்னாள்: "மாமி, அன்னைக்கு அந்த ஆளு பிடிச்சப்பம் எனக்கு பயமா இருந்து. ஆனா கீழ மாமி உண்டு எண்ணு ஒரு தைரியமும் இருந்து. அதனாலயாக்கும் தள்ளிவிட்டு ஓடி வந்தேன். மாமி பொறுத்திரு எண்ணு சொன்னப்பம், ஓடி வந்ததே தப்போ எண்ணு தோணிப்போச்சு."

ஆனந்தபாய் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதாள். தன்யா அவளைத் தேற்றவில்லை. எழுந்து போய் முகம் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். "வாங்க போவோம்" என்றாள்.

காவல் நிலையத்தில் இருந்த பெண் அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டாள். ஒரே ஒரு கேள்வியில்தான் இருவரும் தடுமாறினார்கள். இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்? "நான் தடுத்து வச்சேன்" என்றாள் ஆனந்தபாய். அதிகாரி நிமிர்ந்து பார்த்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டாள்.

வழக்குப் பதிவானது. செய்தி பரவியது. மறுநாளே ரெத்தினதாஸ் ஆனந்தபாயின் வீட்டுக்கு வந்தான். கூட ஆள் இல்லை. ஈசாக்கின் கட்டிலோரம் உட்கார்ந்து, "அக்கா, இந்த மனுசனுக்க உடம்புல ஓடுகது எனக்க ரெத்தமாக்கும். அது மறந்துபோச்சா?" என்றான். கண் கலங்கியிருந்தது. நடிப்பென்று அவளால் சொல்ல முடியவில்லை.

அவள் பேசுமுன் ஈசாக் பேசினான். அதிகம் பேசாதவன் அவன். "ரெத்தம் தந்தது உள்ளதாக்கும் தாசே. சாகிறவரை மறக்க மாட்டேன். அதுக்குப் பதிலா என்ன வேணும் எண்ணாலும் கேளு. அந்தப் பிள்ளைய கேக்காதே."

ரெத்தினதாஸ் எழுந்து போனான். அன்றைக்கே கட்சி ஆனந்தபாயை நீக்கியது. தன்யா எதிர்க்கட்சியிடம் விலைபோனவள் என்று கைபேசிகளில் செய்தி ஓடியது. ஸ்டாண்டில் ஆட்டோ நிறுத்த வேண்டாம் என்று தன்யாவின் கணவனிடம் சொன்னார்கள்.

அப்புறம் எதிர்க்கட்சி இறங்கியது. பனச்சமூட்டிலிருந்தெல்லாம் ஆள் கொண்டுவந்து பஞ்சாயத்து முன்னால் ஜாதா. "ராஜி வெக்கணும்! ராஜி வெக்கணும்!" "பெண்ணுக்க சொல்லே தெளிவு!" ஒரு சொல் மாறவில்லை. முன்னால் நடந்தவர் தாணு. அவர்தான் இந்தமுறை வார்டில் அவர்களுடைய வேட்பாளர். ஜாதா முடிந்ததும் நாலைந்து பேரோடு ஆனந்தபாயின் வீட்டுக்கே வந்தார். "ஆனந்தம், நீ எங்க மேடையில ஒரு வார்த்தை பேசணும். ஒரு பெண்ணுக்க மானத்துக்க காரியமில்லியா?"

"தாணு அண்ணே, அந்த அங்கன்வாடிப் பெண்ணுக்கும் மானம் இருந்துதே?"

"அது நீங்க கட்சிப் பகை வச்சுக் கட்டின கள்ளம்" என்றார் தாணு, முகம் மாறாமல்.

"அப்பம் இதுவும் கள்ளம் எண்ணு அவங்க சொல்லுகாங்களே. நான் யாருக்க கூட நிக்கட்டு?" என்று கேட்டுவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தேர்தலுக்கு முந்தின வாரம், பாறசாலை பஸ் ஸ்டாப்பில் விலாசினி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். அத்தனை வருஷமாகப் பேசாத இருவர். நெய்யாற்றின்கரை பஸ் வரத் தாமதமானது. விலாசினி சாலையைப் பார்த்தபடியே பேசினாள்.

"அன்னைக்கு நீ எங்க வாசல்ல நின்னு கத்தினது எல்லாம் சத்தியமாக்கும். எனக்க மாப்பிளைய எனக்குத் தெரியாதா? ஜன்னல் சாத்தினப்பம் ஒன்னைத் திட்டல்ல, அவரைத்தான் மனசுக்குள்ள திட்டினேன். ஆனா ஒரு காரியம் மட்டும் ஒன்கிட்ட கேக்கணும் எண்ணு இருந்து. நீ அந்தப் பெண்ணுக்காகக் கத்தினியா, கட்சிக்காகக் கத்தினியா?"

"பெண்ணுக்காக எண்ணுதான் நெனச்சிருந்தேன் விலாசினி."

"அந்தப் பெண்ணு இப்பம் எங்க இருக்கா எண்ணு தெரியுமா?"

தெரியவில்லை. ராஜி வாங்கிய பிறகு அவளை ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் ஆனந்தபாய்க்கு உறைத்தது. விலாசினி, "எனக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

தாணு ஜெயித்தார். பட்டாசு வெடித்தது. ரெத்தினதாசைத் தோற்கடித்தவள் ஆனந்தபாய் என்று ஒரு பக்கம் ஏசியது. மறுபக்கம் அவளை மறந்தது. வழக்குக்கு வக்கீல் பார்த்துத் தருகிறோம் என்று சொன்ன எதிர்க்கட்சிக்காரர்கள் அதன்பின் போனை எடுக்கவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தபோது, எதிர்வரிசையில் தாணுவும் ரெத்தினதாசும் அடுத்தடுத்த இலையில் இருப்பதைக் கண்டாள். பாயசம் ஊற்ற வந்தவனிடம், "இவருக்கு இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று தாணு ரெத்தினதாசைக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனந்தபாய் இலையை மூடிவிட்டு எழுந்தாள்.

தன்யா அதற்குமுன்பே ஊரை விட்டுப் போயிருந்தாள். கணவனுக்குச் சவாரி இல்லை, குழந்தையைப் பள்ளியில் மற்றப் பிள்ளைகள் ஏதோ கேட்டார்கள். களியக்காவிளை தாண்டி, குழித்துறைப் பக்கம் அம்மா வீட்டில் இருந்துகொண்டு ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள் என்று கேள்வி. நெய்யாற்றின்கரை கோர்ட்டில் வழக்கு வந்த அன்று ஆனந்தபாய் காலையிலேயே போய் உட்கார்ந்திருந்தாள். பெயர் கூப்பிட்டார்கள். தன்யா வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளைத் தேடிப் போனாள். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. குழந்தைதான் முதலில் பார்த்து, "ஆனந்தம் பாட்டி!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது. தன்யா வாசலுக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். உட்காரச் சொன்னாள், தேநீர் போட்டுக் கொடுத்தாள். ஈசாக்கின் இடுப்பு வலியைப் பற்றிக் கேட்டாள். லிஷா எப்போது வருகிறாள் என்று கேட்டாள். கொட்டகையில் இப்போது யார் ஜோடி என்பதையும் கேட்டாள். கேட்க வேண்டியதெல்லாம் தீர்ந்த பிறகு குழந்தையை உள்ளே போகச் சொன்னாள்.

"மாமி, இனி நான் கோர்ட்டுக்கு வர மாட்டேன். எனக்கு முடியாது."

"நான் கூட வாறேன் மக்கா. கடைசிவரை வாறேன்."

"அது தெரியும். மாமி மேல இப்பம் கோவம் ஒண்ணும் இல்ல. சத்தியமாட்டு இல்ல. ஆனா மாமிய பாக்கும்போ அந்த அறையாக்கும் ஓர்மை வருது. பிறகு அந்த சிமென்ட் கடை மாடி. பிறகு அந்த ஜாதா. வரிசையா வருது." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "இனி இஞ்ச வராண்டாம் மாமி."

ஆனந்தபாய் தலையசைத்தாள். பையிலிருந்த நேந்திரம்பழச் சீப்பை எடுத்து வைக்கலாமா, திரும்பக் கொண்டுபோவதா என்று தெரியாமல் கொஞ்சநேரம் நின்றாள். தன்யாவே அதை வாங்கி உள்ளே வைத்தாள். ஜன்னல் வழியே குழந்தை கைகாட்டியது. அவளும் காட்டினாள்.

களியக்காவிளையில் பஸ் மாறி, பாறசாலையில் இறங்கி வீட்டுக்கு நடந்தாள். ஈசாக் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"பிள்ளைய பாத்தியா?"

"பாத்தேன்."

"சொகமா இருக்காளா?"

"இருக்கா."

ஆனந்தபாய் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அரிசி களைந்து உலையில் போட்ட பிறகு, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, சத்தம் வெளியே வராமல், வெகுநேரம் அழுதாள். ஈசாக்குக்குத் தெரிந்துதான் இருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து வந்து, அடுப்பங்கரை வாசலில் நின்றான். கஞ்சி கொதிக்கத் தொடங்கியதும் மூடியைத் தள்ளி வைத்தான்.